எடிட்டர் சாரின் காது

ஜெயலக்ஷ்மியின் மேல் சுமத்தப்பட்டிருக்கும் குற்றம் இரண்டே வரி. டாக்டர் சொல்லாத வார்த்தைகளைச் சொந்தமாகச் சேர்த்து ஐந்து நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை டைப் செய்திருக்கிறாள். கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவன் எடிட்டர் சந்திரசேகரன். அவளுக்குத் தாலி கட்டிய புருஷன்.

போன வாரம் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அவளை வீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். இன்று பதினோரு மணிக்கு மேனேஜர் மஞ்சுநாத் விசாரிக்கப் போகிறார். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். வேலை போவதோடு நின்றாலும் சகித்துக்கொள்ளலாம். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் போனில் விசாரிக்காமல் ஆள் எடுப்பதில்லை. இட்டுக்கட்டுகிறவள் என்று பெயர் வாங்கிய பெண்ணைப் பெங்களூரில் ஒருத்தரும் சேர்க்க மாட்டார்கள்.

இந்தத் தொழிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, சாண்ட்விச்சைக் கடித்தபடியே மெஷினில் ஏதோ முனகுகிறார். அந்தக் குரல் விடிவதற்குள் பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருக்கிற கம்பெனிக்கு வந்துவிடுகிறது. இங்கே நம் பெண்கள், டாக்டர் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதாஸ்கோப் மாதிரியான ஒரு ஹெட்செட்டின் இரண்டு முனைகளையும் காதுத் துளைக்குள் செருகிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து மிதித்துக் கேட்டு டைப் செய்கிறார்கள். அதே குரலை எடிட்டர் மறுபடி கேட்டுத் திருத்துகிறார். அவர் வைத்ததுதான் சட்டம்.

ஏழு நாள் ஆனதும் குரலை அழித்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக்காரனின் நிபந்தனை. ஜெயலக்ஷ்மியின் ஐந்து ஃபைல்களும் மூன்று வாரத்துக்கு முந்தியவை. குரல்கள் போய்விட்டன. அவள் டைப் செய்ததும், அது பொய் என்று அவன் சொல்வதும்தான் மிச்சம்.

எட்டு வருட எடிட்டர் சொல்வதை விட்டுவிட்டு, இரண்டு வருட டைப்பிஸ்ட் சொல்வதை யார் நம்புவார்கள்?

சந்திரசேகரனுக்கு இதில் பெருமை வேறு. "சொந்தப் பெண்டாட்டின்னு கூடப் பாக்கல சார்" என்று கேண்டீனில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு, நாலு நாளாக முதுகை நிமிர்த்தி நடக்கிறான். குவாலிட்டி ஹெட் நாற்காலி அடுத்த மாதம் காலியாகிறது. நேர்மைக்குச் சிலை வைப்பதாக இருந்தால் தன் மூக்கைத்தான் அளவெடுப்பார்கள் என்ற நினைப்பு அவனுக்கு.

பொம்மனஹள்ளியில், முதல் மாடி வீட்டில், காலை ஆறரை மணிக்கு அந்த நேர்மையாளன் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அம்மா தனக்கோடி பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை அவன் காதில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக இந்த அபிஷேகம் நடக்கிறது. காது கொஞ்சம் குத்துகிறதாம்.

"ஓயாம மிஷின மாட்டிக்கினு கஷ்டப்படறான் எம்புள்ள" என்றாள் தனக்கோடி, அடுப்படிப் பக்கமாகப் பார்த்து. "அவனுக்குப் பாம்புச் செவி. அவனுக்கே கேக்காதது இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சாம்? கேக்கறேன்."

ஜெயலக்ஷ்மி துவைத்த துணிகளை வாளியில் எடுத்துப் போட்டாள். ஒரு வாரமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மாமனார் இராஜமாணிக்கம் மூலையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இருபத்தெட்டு வருடம் பாறையைத் துளைத்தவர். வெடிச் சத்தமும் டிரில் சத்தமும் அவர் காதைத் தின்றுவிட்டன. சுரங்கத்தை மூடியபின் குடும்பம் பொம்மனஹள்ளிக்கு வந்தது, கூடவே அவர் செவிடும் வந்தது.

"நைனா, டிவிய ஆஃப் பண்ணு!" என்று படுத்தபடியே கத்தினான் சந்திரசேகரன். அவர் திரும்பவில்லை. "டமாரச் செவிடு! இதோட வாழ்றதுக்கு..." என்று மிச்சத்தை அம்மாவிடம் சொன்னான்.

டிவி ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. அதை ஜெயலக்ஷ்மி கவனித்தாள். பாய்க்கடியில் தரையை அதிரவைத்தது கீழ்வீட்டு மிக்ஸி.

துணி காயப்போட அவள் வெளி வராந்தாவுக்குப் போனபோது மாமனார் பின்னாலேயே வந்தார். ரகசியம் பேசுகிற முகம். ஆனால் காது கேளாதவர் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? தெருக்கோடி பஸ் ஸ்டாப் வரை போனது.

"அவனுக்குக் காது கேக்கலம்மா!"

"யாருக்கு மாமா?"

அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "சேகருக்கு! வாயப் பாத்துக்கினே பேசறான், பாத்தியா? கேக்கலன்னா சிரிக்கறான். தலய ஆட்டறான். ரெண்டு பேரு பேசினா செவுத்தோரமாப் போயி ஒக்காந்துக்கறான். நானு பத்து வருசம் அப்படித்தான் ஆட்டினேன், மேஸ்திரிக்குத் தெரியக் கூடாதுன்னு. எனக்குத் தெரியாதா?"

எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். பொம்மனஹள்ளி முழுவதும் கேட்ட அந்த ரகசியம், பத்தடி தள்ளிப் பாயில் படுத்திருந்த சந்திரசேகரனுக்குக் கேட்கவில்லை. தலையணையில் ஒரு காது, எண்ணெயில் ஒரு காது.

ஜெயலக்ஷ்மிக்கு ஈரப் புடவை கையிலேயே நின்றுவிட்டது.

ஒரு மாதமாக, "ஏன் முணுமுணுக்கற? வாயத் தொறந்து பேசு" என்று அவன் அவள்மேல் எரிந்து விழுந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. குக்கர் ஐந்து விசில் அடித்தும் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அவளுடைய ஹேர்பின்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், அவன் சட்டைப் பையிலிருந்து பழுப்புப் பிசுக்கோடு கிடைத்ததும்தான்.

உள்ளே வந்தாள். அவன் எழுந்து கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தான். அவள் கண்ணாடியில் தெரியாதபடி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். சாதாரணக் குரலில், காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்:

"நீங்க ஒரு அயோக்கியன்."

அவன் ஒரு கன்னத்தை வழித்தான்.

"பெண்டாட்டி மானத்த வித்துப் பிரமோஷன் வாங்கற ஆளு."

ரேஸரைக் கழுவிவிட்டு வைத்தான்.

"இன்னாடி சொன்ன?" என்று அடுப்படியிலிருந்து பாய்ந்தாள் தனக்கோடி.

"ஒண்ணுமில்ல அத்தை. பால் வந்துடிச்சின்னு சொன்னேன்."

தனக்கோடி பால் வாங்கக் கீழே இறங்கி எதிர்வீட்டு அம்மாளோடு பேச்சில் நின்றுவிட்டாள், சந்திரசேகரன் குளிக்கப் போனான். ஜெயலக்ஷ்மி அவன் ஆபீஸ் பையைத் திறந்தாள். புருஷன் பையைக் குடைவது அவள் வழக்கமில்லை. ஆனால் புருஷன் அவள் பெயரைக் குடைந்திருக்கும்போது என்ன மரியாதை வேண்டியிருக்கிறது?

டிஃபன் டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

அது ஒரு மெடிக்கல் ரிப்போர்ட். கமா, புள்ளி எல்லாம் அமெரிக்க முறைப்படி கச்சிதமாக இருந்தது. நோயாளி முப்பத்துநாலு வயது ஆண். இரண்டு காதிலும் படிப்படியாகக் கேட்கும் சக்தி குறைகிறது. தந்தைக்கும் இதே குறை. பரிசோதனை: காதுக் கால்வாய்கள் இருபுறமும் சுத்தம், செவிப்பறை இயல்பு. முடிவு: பரம்பரையாக வந்த நரம்புக் கோளாறு, குணமாகாது, காது மெஷின் வைக்க வேண்டியிருக்கும். டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஜெயலக்ஷ்மி இரண்டு தடவை படித்தாள். 'கால்வாய்கள் சுத்தம், செவிப்பறை இயல்பு' என்ற வரி அவளுக்கு மனப்பாடம். டாக்டர் "காது நார்மல்" என்று சொன்னால் டைப்பிஸ்ட் கீ-போர்டில் ஒரு பட்டனை அழுத்துவாள், அந்த வரி தானாக வந்து விழும். அப்படி விழுந்த வரிதான் இது.

ஒரு டாக்டரும் அவன் காதைப் பார்க்கவில்லை. இவனே தனக்குத்தானே ரிப்போர்ட் டைப் செய்துகொண்டு, இவனே அதை நம்பி, பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்! ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவன் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நம்புவது போல.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாளின் மேல்மூலையில் இருந்த தேதியைப் பார்த்ததும் அது நின்றுபோனது. பன்னிரண்டு நாளுக்கு முந்திய தேதி. அவள்மேல் குற்றக் கடிதம் எழுதியது ஏழு நாளுக்கு முன்னால்.

தன் காது சரியில்லை என்று தெரிந்துகொண்டேதான் அவளைப் பொய்க்காரி என்று எழுதியிருக்கிறான்.

துண்டோடு வந்தவனின் முகத்துக்கு நேரே தாளை நீட்டினாள். அவன் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இது இன்னா?" என்று கேட்டாள். அவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டியிருந்தது. இவ்வளவு நாள் கத்தாமல் இருந்ததற்கும் சேர்த்துக் கத்தினாள்.

"மெதுவா, மெதுவா..." கையெடுத்துக் கும்பிட்டான். "நைனாவோடது எனக்கும் வந்துடிச்சி ஜெயா. முடிஞ்சி போச்சி. காது போனா எடிட்டர் ஏது? என்னையும் மூலையில ஒக்கார வச்சி டமாரம்னுதான் கூப்புடுவீங்க."

"யாரு கூப்புட்டா? நீங்கதான் அவரக் கூப்புடறீங்க. அவரு காது வெடி வெடிச்சிப் போன காது. அது வம்சத்துல வராது. உங்களுக்கு வந்துடிச்சின்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"நான் ஆயிரத்து எரநூறு இ.என்.டி. ரிப்போர்ட் எடிட் பண்ணியிருக்கேன்."

"சரி. கால்வாய் சுத்தம்னு போட்டிருக்கே. உள்ள யாரு பாத்தா?"

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அது... நார்மல்ல தானா வர்ற லைனு."

"டாக்டர் சொல்லாதத நான் சேத்தேன்னு எழுதிக் குடுத்தீங்க. டாக்டரே இல்லாத ரிப்போர்ட்டு நீங்க எழுதியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

அவன் அழுதான். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை, இடுப்பில் துண்டோடு, குழந்தையைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். மன்னிப்புக் கேட்டு அழவில்லை. தன் காதுக்காகத்தான் அழுதான். இந்த வித்தியாசம் ஜெயலக்ஷ்மிக்குப் புரிந்திருக்க வேண்டும். பாவம், அழுகையைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"கெளம்புங்க" என்றாள். "மொதல்ல காதுக்கு டாக்டர். அப்புறம் பதினோரு மணிக்கு நீங்களே மஞ்சுநாத் சார்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க. என் பேரு சுத்தமானாப் போதும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன். அம்மா மேல சத்தியம்" என்றான். சொன்ன கையோடு அந்தத் தாளை வாங்கி எட்டாகக் கிழித்து, ஜன்னல் வழியாக எறிந்தான். "யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் தடுக்கவில்லை. ஜெயலக்ஷ்மி கோட்டை விட்டது இங்கேதான்.

மடிவாளாவில் டாக்டர் சோனியாவின் கிளினிக் ஒன்பது மணிக்குத் திறந்தது. இவர்கள்தான் முதல் டோக்கன். டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கூம்பு முனைக் கருவியைக் காதில் வைத்துப் பார்த்தவர், நிமிர்ந்து சந்திரசேகரனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மெடிக்கல் லைன் மேடம். எடிட்டர்."

"மெடிக்கல் லைனா? இந்தக் காதை வெச்சுக்கிட்டு வெளிய சொல்லாதீங்க."

கிட்னி வடிவக் கிண்ணத்தை அவன் காதுக்குக் கீழே ஜெயலக்ஷ்மியைப் பிடிக்கச் சொன்னார். பெரிய ஊசியில்லாச் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றிப் பீய்ச்சினார். மூன்றாவது தடவை பொத்தென்று விழுந்தது. புளிக்கொட்டைப் பருமனில், கறுப்பும் பழுப்புமாக, கட்டியான குறும்பி. இடது காதிலிருந்து இன்னொன்று வந்தது. அதோடு சேர்ந்து ஹேர்பின் நுனியில் இருக்கும் கறுப்பு மொட்டும் வந்தது.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார் டாக்டர். "காது தன் அழுக்கைத் தானே வெளிய தள்ளிடும். நீங்க தினம் ஒன்பது மணி நேரம் ரப்பர் முனையைச் செருகி வாசலை அடைச்சிட்டீங்க. வெளிய வர முடியாம உள்ளயே தங்குது. அப்புறம் ஹேர்பின்னை விட்டு இன்னும் ஆழமாக் குத்தித் தள்ளியிருக்கீங்க. கேக்கலன்னா கேக்கலன்னு டாக்டர்கிட்ட வர வேண்டியதுதானே? எத்தனை நாளா?"

"ஒரு... மாசம்."

"ஒரு மாசம் இந்தக் காதோட என்னத்த எடிட் பண்ணீங்க?"

ஜெயலக்ஷ்மி கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய இரண்டு வருட உழைப்பையும் நல்ல பெயரையும் கவிழ்த்தது இந்தக் கிண்ணத்தில் மிதக்கிற இரண்டு உருண்டைகள்தான். அருவருப்பு வந்தது. அருவருப்பு காதுக் குறும்பியின் மேல் மட்டும் இல்லை.

சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்லிச் சோதித்தார்கள். எல்லாவற்றுக்கும் தூக்கினான். வெளியே வந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஃபேன் சத்தம் கேக்குது ஜெயா! உன் வளையல் கேக்குது! ரோட்டுல ஆட்டோக்காரன் கன்னடத்துல திட்றான், அதுகூடக் கேக்குது!" அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "நான் செவுடு இல்ல!"

அந்த நிமிஷம் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு கோபமிருந்தாலும் புருஷன் செவிடில்லை என்றால் மனம் குளிராதா?

"மேடம், ஒரு சர்ட்டிஃபிகேட் வேணும்" என்றான் டாக்டரிடம். "ரெண்டு காதும் நார்மல்னு. ஆபீஸ்ல கேப்பாங்க. அழுக்கு கிழுக்கெல்லாம் எழுத வேணாம், சிரிப்பாங்க."

டாக்டர் தோளைக் குலுக்கினார். "டெஸ்ட்ல வந்ததைத்தான் எழுதுவேன். நார்மல்னு வந்திருக்கு, நார்மல்னு எழுதறேன்."

வீண் கௌரவம் என்று நினைத்துக்கொண்டாள் ஜெயலக்ஷ்மி. அவன் மனக்கணக்கு அதற்குள் எங்கேயோ போய்விட்டது என்று அவளுக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு மஞ்சுநாத் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மஞ்சுநாத் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் எல்லாரையும் போல, எது சுலபமோ அதையே நியாயம் என்று நினைப்பவர்.

"நோடி மேடம், பாருங்க" என்று ஆரம்பித்தார், தன் கன்னடத் தமிழில். "நீங்க சொல்றீங்க, டாக்டர் கடைசியில மெதுவா ஒரு வரி சொன்னாருன்னு. சார் சொல்றாரு, அந்த எடத்துல ஒண்ணும் இல்லன்னு. ஆடியோ இல்ல. நான் யாரை நம்பறது?"

ஜெயலக்ஷ்மி புருஷனைப் பார்த்தாள். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சந்திரசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு பையைத் திறந்தான்.

"சார், என் காது மேல சந்தேகம்னு வீட்லயே ஒரு பேச்சு வந்திச்சி. அதனால இன்னிக்குக் காலையில இ.என்.டி. ஸ்பெஷலிஸ்ட்கிட்டப் போயி ஃபுல் டெஸ்ட் எடுத்துட்டேன்." சர்ட்டிஃபிகேட்டை மேஜைமேல் வைத்து, மஞ்சுநாத் பக்கம் திருப்பி நகர்த்தினான். "ரெண்டு காதும் நார்மல். நான் எழுதினதுல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

ஜெயலக்ஷ்மிக்குக் காது அடைத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அவனுடைய அழுக்கைக் கிண்ணத்தில் ஏந்தியவள் அவள். அம்மா மேல் சத்தியம் செய்த வாய் அது. இப்படி ஒரு மனுஷனோடு ஆறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேனே என்று நாற்காலியை அவனிடமிருந்து ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மஞ்சுநாத் சர்ட்டிஃபிகேட்டைப் படித்தார். "சரி" என்று பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நீங்களா ரிசைன் பண்ணிட்டா உங்களுக்கே நல்லது மேடம். நாங்க டிஸ்மிஸ்னு போட்டா வேற எங்கயும்..."

பேனாவும் கொடுத்தார். அவள் பேனாவை எடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னால் நம்புவாரா? கிழிந்த தாள் பொம்மனஹள்ளிச் சாக்கடையில் கிடக்கிறது. அழுதால் பெண்பிள்ளை அழுகிறாள் என்பார். ஒரு மாதமாக இவனுக்குக் காது கேட்கவில்லை, ஒரு மாதம்...

"சார்" என்றாள். "ஆடியோ ஏழு நாள் இருக்கும்தானே?"

"ஹௌது. இருக்கும்."

"என் ஃபைல் போயிடிச்சி. ஆனா போன ஏழு நாள்ல இவர் எடிட் பண்ணதெல்லாம் இருக்கும். பதினோரு பொண்ணுங்க டைப் பண்ணது. அவங்க டைப் பண்ணதுல இவர் எதையெல்லாம் வெட்டியிருக்காரோ, அந்த எடத்த மட்டும் நீங்களே கேளுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"அது எதுக்கு சார், அனாவசியமா..." சந்திரசேகரன் எழுந்தான். இப்போது அவனுக்கு எல்லாம் மிகத் துல்லியமாகக் கேட்டது.

"உக்காருங்க சார்" என்றார் மஞ்சுநாத். "நார்மல் காதுதானே? என்ன பயம்?"

முதல் ஃபைலைத் திறந்தார். ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு பெடலை மிதித்தார். மறுபடி மிதித்தார். புருவம் சுருங்கியது. அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்தது. டாக்டர்கள் வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்துகிற இடமெல்லாம், பெண்கள் சரியாக டைப் செய்து வைத்திருந்ததை எடிட்டர் சார் வழித்து எறிந்திருந்தார். மற்ற பெண்கள் விஷயத்தில் சத்தம் போடாமல் வெட்டிவிட்டான். குற்றக் கடிதம் எழுதியது பெண்டாட்டிக்கு மட்டும்தான். கேண்டீனில் நாலு பேர் பாராட்ட வேண்டாமா?

ஒன்பதாவது ஃபைலில் ஒரு கிழவருக்கு எந்த மாத்திரை ஆகாது என்று டாக்டர் சொன்ன வரியே காணோம். ஹெட்செட்டைக் கழற்றியபோது மஞ்சுநாத்தின் நெற்றி வியர்த்திருந்தது. மணி பன்னிரண்டரை.

"சந்திரசேகரன் சார்." இதுவரை அவர் அவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இது இந்த வாரமே அமெரிக்காவுக்குப் போயிருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கேக்காம வெட்டினீங்களா, கேட்டும் வெட்டினீங்களா? கேக்கலன்னா அது உடம்பு. லீவு குடுத்து அனுப்பலாம். கேட்டும் வெட்டினீங்கன்னா, நான் போலீசுக்கு எழுத வேண்டி வரும்."

"கேக்கல சார்! சத்தியமாக் கேக்கல! காது அடைச்சிருந்துச்சி, ரெண்டு காதும். இன்னிக்குக் காலையிலதான் எடுத்தாங்க!"

"சர்ட்டிஃபிகேட் நார்மல்னு சொல்லுது. அழுக்குன்னு ஒரு வார்த்தை இல்லையே?"

"டாக்டருக்குப் போன் போடுங்க சார்!"

மஞ்சுநாத் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மூடினால் சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் என்று சர்ட்டிஃபிகேட்டின் மேலேயே அச்சடித்திருந்தது.

"ஜெயா..." சந்திரசேகரன் அவள் பக்கம் திரும்பினான். காலையில் துண்டோடு அழுத அதே முகம். "நீ இருந்தியேம்மா. கிண்ணத்த நீதான புடிச்ச. கண்ணால பாத்தியே. சொல்லு, சார்கிட்ட நீயே சொல்லு."

மஞ்சுநாத்தும் அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா நான் நம்பறேன். அவர் காதுல அடைப்பு இருந்துதா?"

ஜெயலக்ஷ்மி அந்தச் சர்ட்டிஃபிகேட்டை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, புருஷன் வைத்த மாதிரியே மஞ்சுநாத் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கோ அதான் சார். டாக்டர் எழுதாதத நான் எப்படிச் சேத்துச் சொல்றது?"